துப்பாக்கிக் கட்டைக்கு எது சரி: லின்சீடா, டங் எண்ணெயா?

களக்காடு, பாபநாசம், கடையம் என்று மலையடிவாரத்தில் பயிர்க்காவலுக்கு உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குழலைத் துடைப்பதில் காட்டும் அக்கறையை மரப்பிடியான கட்டையிடம் காட்டுவதில்லை. தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பி வந்த துப்பாக்கியில், தோளில் பதியும் முனையிலுள்ள பின்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். மர நரம்பின் வெட்டுமுகம் கறுத்து, ஓரத்தில் வெண்பூஞ்சை படிந்திருக்கும். ஈரம் கட்டைக்குள் புகுவது பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான்.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவுவது முதல் தப்பு. அது எத்தனை நாள் ஆனாலும் காயாது. நல்லெண்ணெய் பாதி காய்ந்து பிசுபிசுத்து, தூசியை இழுத்துக் காறல் வாடை அடிக்கும். எண்ணெய் காய்வது என்றால் ஆவியாவது இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது. அந்தக் குணத்தைக் காட்டுவது அயோடின் எண். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170ஐத் தாண்டும், தேங்காய் எண்ணெய்க்கு 10ஐ ஒட்டித்தான் இருக்கும்.

ஆகவே போட்டி லின்சீட் என்ற ஆளிவிதை எண்ணெய்க்கும், டங் மரத்து விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய்க்கும்தான். லின்சீடிலும் இரண்டு உண்டு. பச்சை லின்சீட் மரத்துக்குள் நன்றாக இறங்கும், ஆனால் ஒரு பூச்சு காயவே பல நாள் ஆகும். அதுவரை பூஞ்சைக்கு அது தீனி. ஹார்டுவேர் கடையில் ‘டபுள் பாயில்டு’ என்று கிடைப்பதில் உலர்த்தும் உலோக உப்புகள் சேர்ந்திருக்கும். வெயில் நாளில் ஒரு நாளில் தொடும் அளவுக்குக் காயும். பச்சை எண்ணெயை வீட்டில் கொதிக்க வைத்தால் இது ஆகிவிடாது, தீப்பிடிக்கத்தான் வழி.

டங் எண்ணெய் ஒரு பூச்சுக்கு இரண்டு மூன்று நாள் கேட்கும், விலையும் கூடுதல். ஆனால் தண்ணீரை லின்சீடைவிட நன்றாகத் தடுக்கும், நாளாவட்டத்தில் அவ்வளவு கறுக்காது. ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்ற பெயரில் விற்பவற்றில் பல, மெலிதாக்கிய வார்னிஷ். ‘தூய டங் எண்ணெய்’ என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் சாரலில் நனையும் துப்பாக்கிக்கு டங் எண்ணெய்க்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து வறண்ட காட்டுக்கு டபுள் பாயில்டு லின்சீடே போதும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம். அங்கே ஆனி, ஆடி மேல்காற்றில் மட்டும் பூசாதீர்கள், புழுதி ஒட்டிக்கொள்ளும். எந்த ஊரானாலும் மாசி, பங்குனியே தோது.

எந்த எண்ணெய் என்பதைவிடப் பூசும் முறைதான் பலனைத் தீர்மானிக்கிறது. துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்த பிறகே கட்டையைக் கழற்றுங்கள். கழற்ற வராவிட்டால் இரும்பின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். லின்சீட் விசையிலோ பூட்டிலோ இறங்கினால் காய்ந்து கோந்தாகி ஓட்டத்தைப் பிடித்துவிடும். பழைய துப்பாக்கி எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தில் சாக் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்து அப்பி வெயிலில் வையுங்கள். பவுடர் பழுப்பேறினால் உதிர்த்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். பள்ளத்துக்கு ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தால், நசுங்கிய நரம்பு எழும்பும்.

முதலில் 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள், பிறகு 320. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மரமயிர் சிலிர்க்கும், அதை 400ஆல் லேசாக எடுங்கள். முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் பாதிப்பாதி. 20 நிமிடம் குடிக்கவிட்டு, மேலே நிற்பது அத்தனையையும் பனியன் துணியால் துடைத்துவிட வேண்டும். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். மேலே விட்ட எண்ணெய் தோலாகச் சுருங்கி, அடியில் ஈரமாகவே கிடக்கும். டங் எண்ணெயானால் வெளுத்த திட்டாகவும் நிற்கும். அடுத்த பூச்சுகளுக்கு உள்ளங்கையில் சில சொட்டு விட்டு, கை சூடேறும்வரை தேய்த்தால் போதும். முந்தையது காய்ந்த பிறகே அடுத்தது. ஐந்தாறு பூச்சு ஆக வேண்டும், பின்தகட்டுக்கு அடியில் இன்னும் இரண்டு. 100 மில்லி எண்ணெய் ஒரு கட்டைக்குத் தாராளம்.

வால்நட் கட்டைக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தும். தேக்கிலும் ஈட்டியிலும் மரத்தின் சொந்தச் சத்தே எண்ணெய் காய்வதைத் தடுக்கும். பூசுவதற்குச் சற்று முன் ஸ்பிரிட்டால் துடைத்து, பூச்சுகளுக்கு நடுவே இரட்டிப்பு நாள் விடுங்கள்.

கதவுக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் அழகுதான், ஆனால் ஈரக்கை பட்டால் வெள்ளைத் திட்டு விழும். பி.யூ. (பாலியூரித்தேன்) கோட்டிங் தண்ணீரை எல்லாவற்றையும்விட நன்றாகத் தடுக்கும். ஒரு முறை சில்லுப் பெயர்ந்தால் அதன் வழியே ஈரம் புகுந்து படலம் தூக்கிக்கொள்ளும், முழுதும் சுரண்டித்தான் மறுபடி அடிக்க வேண்டும். வரப்பிலும் முள்ளிலும் உரசும் துப்பாக்கிக்கு இரண்டும் வேண்டாம்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள்.