சடாவ் எல்லை வழியாகக் காரில் செல்வோர் கவனத்திற்கு: சாலையோரத்தில் விற்கப்பட்ட போலிக் காப்புறுதி

புக்கிட் காயு ஈத்தாம் (எல்லைக்கு அப்பால் தாய்லாந்துப் பக்கம் சடாவ்) வழியாகச் சொந்தக் காரில் தாய்லாந்துக்குச் செல்லும் மலேசியர்கள், எல்லைக்கு முன்னால் சாலையோர முகப்புகளில் மொத்தத் தொகுப்பாக விற்கப்படும் காப்புறுதியையும் படிவங்களையும், பணத்தை நீட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். 2025 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் அப்படியொரு முகப்பில் எங்களுக்கு விற்கப்பட்ட தாய்லாந்துக் காப்புறுதிச் சான்றிதழ், ஹாட்யாயில் விபத்து நேர்ந்த பிறகுதான் செல்லாத ஒன்று என்று தெரியவந்தது. அந்த முகப்பின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அங்கு கையாளப்பட்ட முறையை வேறு எவரும் கையாளக்கூடும் என்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதே பயனுள்ளது.

சாங்லூனைக் கடந்ததும் சாலையோரத்தில் இருந்த அந்த முகப்பில், நான்கு பேருக்கும் காருக்கும் சேர்த்து 180 ரிங்கிட் கேட்டார்கள். "அண்ணே, எல்லாம் இதிலேயே அடங்கிவிடும், அந்தப் பக்கம் போய் முத்திரை குத்திக்கொண்டால் போதும்," என்றார் அங்கிருந்த இளைஞர். அந்தத் தொகையில் மூன்று சேவைகள் அடங்கும் என்று சொல்லப்பட்டது: தாய்லாந்தின் கட்டாய வாகனக் காப்புறுதி, ஒவ்வொருவருக்குமான மின்னியல் வருகை அட்டை, காரைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுசெல்வதற்கான சுங்கப் படிவம். இவற்றுள் வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. 2025 மே 1 முதல் நடப்பில் உள்ள அந்த அட்டையை, தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில், சென்றடையும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எவரும் கைப்பேசியிலேயே இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். நிரப்பித் தருவதற்குச் சிறு கூலி வாங்குவதில் தவறில்லை. ஆனால், எங்களிடம் அது தாய்லாந்து அரசு விதிக்கும் கட்டணம் என்று சொல்லியே, தலைக்கு 20 ரிங்கிட் என்று கணக்குக் காட்டி வாங்கினார்கள்.

காப்புறுதியில் நடந்ததுதான் பெரிய ஏமாற்று. மலேசியாவில் நாம் எடுக்கும் வாகனக் காப்புறுதி பொதுவாக மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளுக்குள் மட்டுமே செல்லும். தாய்லாந்துக்கு அதை நீட்டிக்கத் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும். அப்படி நீட்டித்திருந்தாலும், வாகன விபத்தில் பாதிக்கப்பட்டோரைப் பாதுகாக்கும் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்நாட்டுச் சாலையில் ஓடும் வெளிநாட்டுக் காருக்கும் அங்கத்திய கட்டாயக் காப்புறுதி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 10,000 பாட் வரை அபராதம் விதிக்கப்படலாம். இந்தக் கட்டாயக் காப்புறுதி மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே உரியது. யார் மீது தவறு என்று முடிவாவதற்கு முன்பே 30,000 பாட் வரை மருத்துவச் செலவைத் தரும் அது, நசுங்கிய கதவுக்கோ உடைந்த விளக்குக்கோ ஒரு காசும் தராது. எங்களிடம் விற்றவரோ, "முழுக் காப்புறுதி, கார் சேதமும் சேர்த்துத்தான்" என்று உறுதியாகச் சொன்னார். தாளில் எங்கள் காரின் பதிவெண்ணைத் தவிர மற்ற யாவும் தாய் எழுத்தில் இருந்தன.

ஹாட்யாயில் சமிக்ஞை விளக்கருகே நின்றிருந்த எங்கள் காரின் பின்பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதி, அதை ஓட்டிவந்தவருக்குக் காலில் அடிபட்டது. தாய்லாந்தில் விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனத்தை அழைப்பார்கள். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் சம்பவ இடத்துக்கே வந்து படமெடுத்து, எதிர்த்தரப்பின் மதிப்பீட்டாளரோடு பேசி முடிப்பார். அந்த ஏற்பாடு நன்றாகவே இயங்குகிறது என்பதை எதிர்த்தரப்பு ஆள் வந்து சேர்ந்த வேகத்தில் கண்டேன். எங்கள் தாளில் இருந்த எண்ணை விடுதி ஊழியர் ஒருவர் எங்களுக்காக அழைத்தபோது, அந்த ஒப்பந்த எண் வேறொரு காருக்கு முந்தைய ஆண்டில் வழங்கப்பட்டது என்றும், அது காலாவதியாகிவிட்டது என்றும் பதில் வந்தது. தாளை மறுபடி பார்த்தபோது அவர் ஆண்டைச் சுட்டிக்காட்டினார்: 2567. தாய்லாந்தில் புத்த ஆண்டுக் கணக்கு வழங்குவதால், அதிலிருந்து 543 ஐக் கழித்தால் 2024 வரும். பழைய சான்றிதழ் ஒன்றில் பதிவெண்ணை மட்டும் மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு எங்கள் தரப்பில் பேச எவரும் இல்லை. நின்றிருந்த கார் எங்களுடையது என்றாலும், காவல் நிலையத்தில் செல்லுபடியாகும் காப்புறுதி இல்லாத வெளிநாட்டவராக உட்கார்ந்திருக்கும்போது நியாயத்தைப் பேசும் தெம்பு குறைந்துவிடுகிறது. மருத்துவச் செலவு, மோட்டார் சைக்கிள் பழுது, காப்புறுதி இல்லாததற்கான அபராதம் எல்லாம் சேர்ந்து 14,000 பாட்டுக்கு மேல் கையை விட்டுப் போயிற்று. எங்கள் காருக்கான பழுதுச் செலவு இதில் சேராது. சுற்றுலாக் காவல்துறையின் 1155 எண்ணை அழைத்ததில் ஆங்கிலம் பேசும் ஒருவர் கிடைத்து மொழிபெயர்த்து உதவினார். அந்த எண்ணை எல்லோரும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

திரும்பும் வழியில் அந்த முகப்புக்குச் சென்று கேட்டபோது வேறொருவர் இருந்தார். தாங்கள் படிவம் நிரப்பித் தருவதோடு சரி என்றும், காப்புறுதி வேண்டுமென்றால் அந்த நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும் என்றும் சொல்லி, எங்களிடம் இருந்த ரசீதையே சான்றாகக் காட்டினார். அதில் "சேவைக் கட்டணம் 180" என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை.

ஆகவே, தாளை வாங்கியவுடன் முதலில் ஆண்டைப் பாருங்கள்; 2025 என்றால் 2568, 2026 என்றால் 2569 என்று இருக்க வேண்டும். தொடங்கும் நாளும் முடியும் நாளும் உங்கள் பயணத்தை உள்ளடக்குகின்றனவா என்று பாருங்கள். பதிவெண்ணை மாற்றி அச்சிடுவது எளிது என்பதால், காரின் உரிமைச் சான்றிதழில் உள்ள அடிச்சட்ட (சேசிஸ்) எண்ணோடு தாளில் உள்ள எண்ணை ஒப்பிடுங்கள். எங்கள் தாளில் அந்த இடத்தில் வேறு ஏதோ எண் இருந்திருக்கிறது. முகப்பில் நிற்கும்போதே காப்புறுதி நிறுவனத்தை அழைத்து ஒப்பந்த எண்ணைச் சரிபார்க்கச் சொன்னால், நேர்மையாக விற்பவர் தயங்க மாட்டார். கார் சேதத்துக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால், புறப்படுவதற்கு முன்பே மலேசியாவில் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் தாய்லாந்துக்கான நீட்டிப்பைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதே மேல்.

சுங்கப் படிவத்தைப் பொறுத்தவரை எங்களுக்குத் தொல்லை ஏற்படவில்லை. அதை முத்திரையோடு பத்திரமாக வைத்திருந்து, வெளியேறும்போது திருப்பித் தர வேண்டும். கார் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதம் தேவைப்படும்.

ஏமாற்றப்பட்டவர்கள் மலேசியாவில் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு, 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். ஆனால், யார் மீது கொடுப்பது என்பதற்கு வணிகப் பதிவு எண் வேண்டும். எங்கள் ரசீதில் அது இல்லாததால், காவல்துறைப் புகாரோடு முகப்பின் பெயர்ப்பலகைப் படத்தை இணைத்துக் கொடுத்திருக்கிறோம். உரிமையாளர் யார் என்பது இன்னும் உறுதியாகவில்லை. பணம் கட்டும்போதே பதிவு எண்ணுடன், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகத் தொகை எழுதிய ரசீதைக் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த முகப்புக்குப் போய்விடுங்கள்.