கோத்தகிரியில் ‘புதையல் பயிற்சி’: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

மெட்டல் டிடெக்டர் பழக ஆசைப்படுபவர்களுக்கென்றே நீலகிரியில் ஒரு வலை விரித்திருக்கிறார்கள். ‘தேயிலைத் தோட்டத்தில் தங்கிப் புதையல் தேடலாம், கருவி எங்களுடையது, கலெக்டர் அனுமதியும் உண்டு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரம். நானும் என் மைத்துனரும் தலைக்கு ஆறாயிரம் ரூபாய் கட்டிக் கோத்தகிரி போனோம். ஆளின் பெயரை எழுதப்போவதில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. அவர் தொழில் நடத்தும் விதத்தை எழுதத் தடையில்லை.

கையில் கொடுத்த கருவி பொம்மைக்குச் சற்று மேல். அங்கே செம்மண், இரும்புச்சத்து மிகுந்தது. மண்ணுக்கேற்பச் சரிசெய்யும் வசதி இல்லாத கருவியை அதில் இறக்கினால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஓயாமல் கத்தும். விவரம் தெரிந்தவர்கள் தேடத் தொடங்கும் முன் அடியிலுள்ள வட்டை மண்ணுக்கு மேலே ஏற்றி இறக்கி அந்தச் சத்தத்தை அடக்குவார்கள். இவரோ ஒவ்வொரு கத்தலுக்கும், “அடியில் பெரிய பொருள் இருக்கிறது சார்” என்றார்.

தோண்டியதில் வந்தவை: பீர் பாட்டில் மூடி, காலி மாத்திரை அட்டை, ஆணிகள், கவ்வாத்துக் கத்தியின் முறிந்த நுனி. இதில் எனக்குக் குறையே இல்லை. புதிதாகத் தொடங்கும் எவருக்கும் குப்பைதான் வரும், அதுவும் மூட்டைக் கணக்கில். அலுமினியத் தாளுக்கும் மெல்லிய தங்கத்துக்கும் கருவி ஏறக்குறைய ஒரே ஒலிதான் எழுப்பும்; குப்பை வேண்டாமென்று அந்த ஒலியை அணைத்தால் மோதிரமும் போய்விடும். சின்னக் காசை ஒரு சாண் ஆழத்தில் பிடித்தாலே அது உருப்படியான கருவி. இதைச் சொல்லிக் கொடுத்திருந்தாலே ஆறாயிரம் ரூபாய்க்கு ஓரளவு நியாயம் செய்திருப்பார்.

பிறகு, “இது ராசியான இடம்” என்று தேயிலை வரிசை ஓரம் அழைத்துப் போனார். கருவி கணீரென்று ஒலித்தது. புல்லை நீக்கினால் காசு! ஒரு பக்கம் ஆஞ்சநேயர், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. மைத்துனர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் திருப்பிப் பார்த்தேன். எழுத்துகளின் இடுக்கில் மண் இல்லை. இருநூறு ஆண்டு மண்ணில் கிடந்த செம்பில் துளிக்கூடப் பச்சைக் களிம்பு இல்லை. பெயர்த்த புல் ஏற்கெனவே வேரறுந்து மஞ்சளித்திருந்தது. கேமரா பையின் காந்தப் பூட்டருகே கொண்டுபோனேன், ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதும் இல்லை. கோயில் கலசத்தில் அபூர்வ சக்தியுள்ள இரிடியம் உலோகம் இருப்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் ‘இரிடியம் கலச’க் கும்பல்கள் காட்டி ஏமாற்றும் சாமான்களில் அதுவும் ஒன்று.

காசு ஒரு தூண்டில்தான், வியாபாரம் அதற்குப் பிறகு. கைப்பிடியில் கம்பி ஆடும் ஒரு ‘தொலைதூரக் கருவி’யை எடுத்தார், முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் தங்கத்தையும் காட்டுமாம், விலை ஒன்றரை லட்சம். நான் காந்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே மைத்துனர் இருபதாயிரம் முன்பணம் அனுப்பிவிட்டார். இதே போன்ற ஆடும் கம்பியை ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக் அரசுக்கே விற்றார். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானிலிருந்து வந்த சரக்கு அது. உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவும் இல்லை. 2013இல் அவருக்குப் பத்தாண்டு சிறை கிடைத்தது. நம் ஊரில் அதற்குப் பூ வைத்துப் பூஜை போட்டு விற்கிறார்கள்.

‘கலெக்டர் அனுமதி’யைக் கேட்டேன். ஒரு ஜெராக்ஸ் தாள்: கையெழுத்து இல்லை, எண் இல்லை, தேதி இல்லை. “கிடைத்தால் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு” என்றார். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைவரை போகும். மறுநாள் மலைமேல் உள்ள பழைய கல்வட்டங்களுக்கு அழைத்துப்போவதாகத் திட்டம். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் 1870களில் அவற்றைத் தோண்டியதும், வெண்கலக் கிண்ணங்கள் கிடைத்ததும் உண்மை. “வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம் இருக்கிறது சார்” என்றார். அவை ஈமச் சின்னங்கள். அதைத் தோண்டச் சொல்பவர் பின்னால் போனால் மாட்டுவது நாம்தான். அன்று மாலையே கிளம்பிவிட்டோம்.

பணம் திரும்பவில்லை. “முன்பணம் கருவிக்கு ஆர்டர் போட்டதில் கழிந்துவிட்டது” என்றார், பிறகு எண்ணையே மாற்றிவிட்டார். காவல் நிலையத்தில், “இது கொடுக்கல் வாங்கல் விவகாரம்” என்று தட்டிக் கழிக்கப் பார்த்தார்கள். உட்கார்ந்திருந்து மனு ரசீது வாங்கினோம். ஆன்லைனில் அனுப்பிய பணத்துக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்ல வேண்டும்; தாமதித்தால் பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

இப்போது அதே படங்கள், அதே வாசகங்களோடு கொடைக்கானல் மலையில் உள்ள தாண்டிக்குடிப் பக்கம் ‘கற்திட்டைப் புதையல் முகாம்’ என்று புது விளம்பரம் வருகிறது (கற்திட்டை என்பதும் பலகைக் கற்களால் கட்டிய பழைய ஈமச் சின்னம்தான்). எண் வேறு, ஆஞ்சநேயர் காசின் படம் அதேதான். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல், உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே மனுக் கொடுங்கள்.