தானாக மங்கும் மடிக்கணினித் திரை: வளவில் அமர்ந்து வேலை செய்யும் ஒருவரின் அனுபவம்

ஆத்தங்குடிக் கல் எனப்படும் தரைக் கல்லை வார்க்கும் பட்டறைகளுக்குப் படப் பட்டியல் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வீடு கட்டுகிறவர்கள் கல்லை நேரில் பார்க்காமல், நான் அனுப்பும் படத்தைக் கொண்டே அந்தச் சிவப்பு தங்கள் முகப்புக்கு ஒத்துவருமா என்று முடிவு செய்கிறார்கள். அந்தப் படத்தை நான் திருத்தும் திரையின் வெளிச்சம் நிலையாக இல்லையென்றால் நிறத்தைப் பற்றி என்னால் எந்த உறுதியும் கூற இயலாது. 2022இல் வாங்கிய மடிக்கணினி தொடக்கத்தில் எந்தத் தொல்லையும் தரவில்லை. நகரத்து அறையிலிருந்து எங்கள் பழைய வீட்டின் வளவுக்கு, அதாவது நடு முற்றப் பகுதிக்கு, வேலையை மாற்றிக்கொண்ட பிறகுதான் திரை நேரங்காலமின்றி மங்கத் தொடங்கியது.

காரைக்குடியில் பழுது பார்க்கும் கடையொன்றில் காட்டினேன். "டிஸ்பிளே போயிருச்சுண்ணே, புதுசு போட்டுரலாம்" என்றார் அங்கிருந்த தம்பி. பேனலை மாற்றுவது செலவு மிகுந்த வேலை என்பதால் சற்றுப் பொறுத்து, மங்கும் விதத்தைக் கவனிக்கலாம் என்று முடிவு செய்தேன். மங்குகிறது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாலும், மங்கும் வேகமும் அந்த நேரத்துச் சூழலும் காரணத்துக்குக் காரணம் மாறுபடுகின்றன. மெதுவாக இறங்குகிறதா, ஒரே தாவலாகக் குறைகிறதா, துடிக்கிறதா என்பதைப் பார்த்து வைத்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

முதலில் வன்பொருள் பழுதை விலக்கிவிட வேண்டும். அதற்கு அதிக நேரம் பிடிக்காது. கணினியைத் தொடங்கும்போதே, விண்டோஸ் வருவதற்கு முன்னால் உள்ள அடிப்படை அமைப்புத் திரையான பயாஸ் திரைக்குள் சென்று சிறிது நேரம் அப்படியே விட்டுவிடலாம். விண்டோஸின் அமைப்புகளுக்கு அங்கே வேலையில்லை என்பதால், அந்த நிலையிலும் வெளிச்சம் கூடிக் குறைந்தால் பேனல், அதன் பின்னொளி, திரைக்குச் செல்லும் கேபிள் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். அந்தக் கேபிள் கீல் வழியாகவே செல்கிறது. ஆகவே மூடியை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கும்போது திரை துடித்தால் பேனலை மாற்றுவதற்கு முன் கேபிளைப் பார்க்கச் சொல்வது நல்லது. திரை முழுதும் கறுத்துவிட்டால், கைபேசியின் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்னொளிதான் போயிருக்கிறது. என் கணினியில் பயாஸ் திரை சற்றும் மங்கவில்லை, கீலை அசைத்தும் மாற்றமில்லை.

அடுத்தது ஒளி உணரி. பல மடிக்கணினிகளில் வெப்கேமிராவுக்கு அருகில் இருக்கும் இந்தச் சிறு துளை, சுற்றுப்புற வெளிச்சத்தை அளந்து திரையைக் கூட்டிக் குறைக்கிறது. குழல்விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) நிற்கும் வெளிச்சம், நேர் வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வரை போகும். நடுவில் வானம் திறந்த வளவின் தாழ்வாரத்தில் அமர்ந்தால், மேகம் கடப்பதும், வெயில் தூண் நிழலைத் தாண்டி நகர்வதும், ஆச்சி வெயிலுக்காகத் தட்டியை இறக்குவதும் உணரிக்குப் பெரிய மாற்றங்களே. பெருவிரலால் துளையை மூடினால் ஓரிரு நொடியில் திரை மெதுவாக இறங்கியது. விரலை எடுத்தால் மெதுவாக ஏறியது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போய், பிரைட்னஸ் பகுதியை விரித்தால் வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக மாற்றும் தேர்வு இருக்கும். உணரி இல்லாத கணினிகளில் அது தென்படாது. அதை அணைத்ததும் பகல் நேரத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்தது.

ஆனால் இரவிலும், விளக்கு மாறாத நேரத்திலும், எப்போதாவது மங்கியது. இதைக் கண்டறியத்தான் அதிகக் காலம் பிடித்தது. இந்தக் காரணம் பலருக்கும் தெரியாமலேயே இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெள்ளைப் பின்னணியில் பட்டியல் பக்கம் திறந்திருக்கும்வரை திரை நன்றாக இருக்கும். கருஞ்சிவப்புக் கல்லின் படத்தைத் திரை முழுக்க விரித்ததும் ஒரு நொடி கழித்து எல்லாமே தணியும். பின்னொளிதான் மடிக்கணினியில் மின்சாரத்தை அதிகம் உண்ணும் உறுப்புகளுள் ஒன்று. படத்தில் இருண்ட பகுதி மிகுந்திருந்தால் பின்னொளியைக் குறைத்து, அதை ஈடுசெய்யப் படத்தின் புள்ளிகளைச் சற்று வெளுப்பாக்கிக் காட்டி மின்கலத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு கிராஃபிக்ஸ் சில்லுகளில் உண்டு. இன்டெல் சில்லுள்ள கணினிகளில் இது டிஸ்பிளே பவர் சேவிங்ஸ் என்றும், ஏஎம்டி சில்லுள்ளவற்றில் வேரி-பிரைட் என்றும் இருக்கும். விண்டோஸ் 11 தன் பங்குக்கு, திரையில் உள்ள உள்ளடக்கத்தைப் பொறுத்து வெளிச்சத்தை மாற்றும் தேர்வொன்றை அதே பிரைட்னஸ் பகுதியில் வைத்திருக்கிறது. எழுத்து வேலை செய்கிறவருக்கு இதனால் பெரிய இடையூறில்லை. நிறத்தோடு வேலை செய்கிறவருக்கோ, கல்லின் சிவப்பும் அதன் ஓரத்துப் பச்சையும் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறாகத் தெரியும் என்பதால், இதை விட்டுவைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சோதிப்பது எளிது. ஒரு மூலையில் மட்டும் சிறு வெள்ளைக் கட்டம் உள்ள கறுப்புப் படமொன்றும், முழு வெள்ளைப் படமொன்றும் செய்து, மாற்றி மாற்றித் திரை முழுக்க விரிக்க வேண்டும். கைபேசிக் கேமிரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யாதபடி எக்ஸ்போஷரைப் பூட்டி வைத்துக்கொண்டு இரண்டையும் படமெடுத்தால், அந்த வெள்ளை மூலை இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். கண்ணை மட்டும் நம்பினால் போதாது. கண் தானும் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது.

இங்கே ஒரு புதிர் இருந்தது. இந்தச் சேமிப்பு ஏற்பாடுகள் பெரும்பாலும் மின்கலத்தில் ஓடும்போது மட்டுமே செயல்படும்படி அமைந்திருக்கும். நானோ எப்போதும் சார்ஜரைச் செருகியே வேலை செய்வேன். விடை, கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கிடைத்தது. அதில் விண்டோஸ் லாக்ஸ், பிறகு சிஸ்டம் என்று திறந்து, கெர்னல்-பவர் என்ற பெயரில் 105 எண்ணுள்ள பதிவுகளைத் தேடினால், மின்சாரம் செருகியிலிருந்து மின்கலத்துக்கும் அங்கிருந்து திரும்பவும் மாறிய நேரங்கள் கிடைக்கும். மங்கிய நேரங்களை நான் குறித்து வைத்திருந்ததால் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. பல இடங்களில் நிமிடம் பிசகாமல் பொருந்தின. பழைய வீட்டுச் சுவரில் இருந்த பிளக் பாயின்ட் தளர்ந்து, வயர் சற்று இழுபடும்போதெல்லாம் இணைப்பு விட்டுப் போயிருக்கிறது. செருகியில் ஒரு வெளிச்ச அளவும், மின்கலத்தில் வேறொரு குறைந்த அளவும் விண்டோஸ் தனித்தனியே நினைவில் வைத்திருப்பதால் அந்தக் கணமே ஒரே தாவலாகத் திரை குறையும். அதன் பிறகு மின்கலத்தில் ஓடும் நேரம் முழுவதும், இருண்ட படம் திறக்கும்போதெல்லாம் மெதுவான இன்னொரு மங்கலும் சேர்ந்துகொள்ளும். கவனிக்காமல் வெகுநேரம் விட்டு மின்கலம் மிகவும் இறங்கிப் போனால் பேட்டரி சேவர் (விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் எனர்ஜி சேவர்) தன் பங்குக்கு மேலும் குறைக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்துப் பிளக் பாயின்ட்டை மாற்றினேன். இங்கு மின்னழுத்தம் ஏறி இறங்குவதைப் பலரும் குறை கூறுவார்கள். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் வகையில் செய்யப்பட்டிருப்பதால், ஓரளவு ஏற்ற இறக்கம் மட்டுமே திரையை மங்கச் செய்துவிடாது.

ஒளி உணரி, படத்துக்கு ஏற்ப மங்கும் சேமிப்பு ஏற்பாடு, பிளக் பாயின்ட் ஆகிய மூன்றையும் சரிசெய்த பின் திரை நிலையாக இருக்கிறது. பேனல் பழையதுதான். மின்கலம் முன்னைவிடச் சற்று விரைவாக இறங்குகிறது என்பது உண்மை. வெளியூர்ப் பயணத்தில் மட்டும் சேமிப்புத் தேர்வுகளை மீண்டும் இயக்கிக்கொள்கிறேன். கிராஃபிக்ஸ் சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்த பிறகு அந்தச் சேமிப்புத் தேர்வு மறுபடியும் தானாகவே இயங்கியிருந்ததை ஒருமுறை கண்டேன். ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் கறுப்பு, வெள்ளைப் படங்களை விரித்து ஒருமுறை பார்த்துவிட்டே நிற வேலையைத் தொடங்குகிறேன். பின்னொளி இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை வைத்திருப்பவர்கள், ஒரே படம் நெடுநேரம் அசையாமல் நின்றால் தடம் பதியாதிருக்கத் திரை தானே மங்கும் பாதுகாப்பும் அவற்றில் இருக்கலாம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அதைப் பழுது என்று கருதிக் கடைக்கு எடுத்துப் போக வேண்டியதில்லை.