மூன்றாம் மாடியில் ஓர் ஆங்கில வகுப்பு

யாங்கோனில் ஒரு சிறு விடுதியின் வரவேற்பில் வேலை செய்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் தொலைபேசியில், "கேன் யூ புட் மீ அப் ஃபார் டூ நைட்ஸ்?" என்று கேட்டார். அப் என்றால் மேலே. "மேல்மாடிக்கு லிப்ட் கிடையாது, கீழேயே அறை தருகிறேன்" என்று பெருந்தன்மையாகப் பதில் சொன்னேன். இரண்டு இரவு தங்க இடம் உண்டா என்பதுதான் அவர் கேள்வி. முதலாளி சிரித்த சிரிப்பில் மறுநாளே இந்த மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

அனோரதா சாலை காளி கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரம். தெருக்கதவு பூட்டியே இருக்கும். பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். அதே கயிற்றில் கிளிப் மாட்டிச் சாவியை இறக்குவார்கள். படிக்கட்டு ஏணிக்குத் தம்பி.

நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, நம்மவர், எல்லோருக்கும் சயாமா, அதாவது பர்மிய மொழியில் டீச்சர். முதல் நாள் பலகையில் அவர் எழுதியது "காட்டிக்கொடு". காட்டுவதும் நல்லது, கொடுப்பதும் நல்லது. இரண்டும் சேர்ந்தால் எப்படித் துரோகமானது என்று கேட்டார். அடுத்து "சொல்லிக்கொடு". பர்மியப் பிள்ளைகளுக்கு அதையே அவர்கள் மொழியில் "தின் பே". அதிலும் பே என்றால் கொடு. அரை மணி நேரம் ஆங்கிலமே இல்லை. ஆனால் ஆங்கிலக்காரன் மட்டும் வினைச்சொல்லை முறுக்குகிறான் என்ற என் கோபம் அன்றே போய்விட்டது.

பிறகு அப். ஈட் அப், யூஸ் அப் என்னும்போது அது மேலே ஏறுவதில்லை. "தின்று தீர்த்தான்" என்பதில் வரும் தீர்ப்பது அது. புட் அப் அதற்கும் அடங்காது. விருந்தாளியைத் தங்க வைப்பது, சுவரொட்டி ஒட்டுவது, வேலி போடுவது, விலையை ஏற்றுவது எல்லாம் அதுவே. பின்னால் வித் ஒட்டிக்கொண்டால் சகித்துக்கொள்வது. "என் மாமியாரை ஒரு மாதம் ஐ புட் ஹெர் அப். அந்த ஒரு மாதமும் ஐ புட் அப் வித் ஹெர்" என்றார் சயாமா. ஹெர் முதலில் நடுவில் நுழைகிறது. வித் வந்துவிட்டால் கடைசிக்குப் போய்விடுகிறது. பள்ளியில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

குறைகளும் உண்டு. கடைசி இரண்டு வாரம் மங்கலான நகல் தாளில் நாற்பது சொற்களை வரிசையாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். அதில் பாதி இன்று நினைவில் இல்லை. இரண்டு மாதக் கட்டணம் முன்பணம், வராத நாளுக்குக் கழிவு கிடையாது. மின்சாரம் போனால் ஒரே விளக்கு, அதுவும் சயாமா பக்கம். இறந்தகாலம், நிகழ்காலமே தடுமாறுகிறவர்கள் இப்போது சேர வேண்டாம்.

சேர்கிறவர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். இடப்பக்கத்துக் கயிற்றை இழுங்கள். வலப்பக்கத்துக் கயிறு இரண்டாம் மாடிக்காரருடையது, அவர் மாலையில் தூங்குகிறவர்.