சோயாவுக்கு டிஏபியை விட்டு சூப்பருக்கு மாறியதில் கண்டது

அணைக்கட்டு பக்கம் எங்களுக்குச் செம்மண் கொல்லை. மல்லாட்டைதான் (வேர்க்கடலை) வழக்கமான வெள்ளாமை. ஊடுபயிராக வந்த சோயா இப்போது ஒரு பக்கம் தனிப்பயிராகவே நிற்கிறது. பல பட்டம் பார்த்தாயிற்று. முன்பு டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் போட்டோம், பிறகு சூப்பருக்கு (சூப்பர் பாஸ்பேட்) மாறினோம். அந்த உர விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

"மல்லாட்டை போட்ட மண்ணுதானே, வேர்முடிச்சு தானா வரும்" என்பார் பக்கத்துக் கொல்லைக்காரர். வராது. வேர்முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துக் கொடுக்கும் ரைசோபியம் பாக்டீரியா மல்லாட்டைக்கு வேறு, சோயாவுக்கு வேறு. ரைசோபியம் பாக்கெட்டில் பயிர் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்தே வாங்குங்கள். ஆறின கஞ்சியில் விதையோடு கலந்து, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள் (பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்). வேரை அலசி, முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை. பயிர் வெளிறுதே என்று யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு இன்னும் குறையும்.

வெளிறுவதிலும் வித்தியாசம் உண்டு. அடி இலை வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. குருத்திலை வெளிறினால் கந்தகக் குறைவைச் சந்தேகப்படலாம். எங்கள் கொல்லையில் குருத்துதான் வெளிறியது. டிஏபியில் கந்தகம் கிடையாது. சூப்பரில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 16 சதவீதம்தான், ஆனால் கந்தகம் 11 சதவீதம் கூடவே வருகிறது. வேளாண் பல்கலைப் பரிந்துரை ஹெக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து 20:80:40 கிலோ, அதோடு கந்தகம் 40 கிலோ. ஏக்கருக்கு 4 மூட்டை (50 கிலோ மூட்டை) சூப்பர் போட்டால் மணிச்சத்து முழுசாக வந்துவிடும். கந்தகமும் 22 கிலோ, தனியாக ஜிப்சம் வேண்டாம். யூரியா 17 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ. எல்லாமே அடியுரம். மண் பரிசோதனை அட்டை இருந்தால் இதில் குறைக்கவும் இடமுண்டு. விரிஞ்சிபுரம் கேவிகேயில் (வேளாண் அறிவியல் நிலையம்) காட்டிக் கேளுங்கள்.

மாறியபின் குருத்து வெளிறுவது நின்றது, நுனிக் காய்களிலும் மணி பிடித்தது. சோயாவில் புரதம் 40 சதவீதம் அளவுக்கு இருந்தாலும் அதில் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் குறைவு. இரண்டிலுமே கந்தகம் இருப்பதால், மண்ணில் அது இல்லாவிட்டால் புரதத்தின் தரமும் அடிபடும். ஆனால் வியாபாரி மணியைக் கடித்து ஈரம் பார்ப்பார், தராசைப் பார்ப்பார், அவ்வளவுதான். புரதத்துக்கென்று ஒரு ரூபாய் கூடுதலாக யாரும் கொடுத்ததில்லை. எடையில் கிடைத்ததுதான் லாபம். அதிலும் டிஏபி ஒன்றரை மூட்டையில் முடிகிற மணிச்சத்துக்கு நாலு மூட்டை சுமக்க வேண்டியிருப்பதால், ஏற்றி இறக்கும் கூலியைக் கழித்தே கணக்குப் பாருங்கள்.