மலைக்குளிரில் நியூமோகாக்கஸ் லேடெக்ஸ் கிட் எப்படி?

குன்னூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறேன். நிமோனியா நோயாளியின் கல்ச்சரில் (சளி போன்ற மாதிரியிலிருந்து லேபில் கிருமியை வளர்ப்பது) வளர்ந்தது, நிமோனியா தரும் கிருமியான நியூமோகாக்கஸ்தானா என்று பார்க்க இப்போது லேடெக்ஸ் கிட் வைத்திருக்கிறோம். நீலகிரியில் யாராவது வாங்க யோசித்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் குளிரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முயலிடம் எடுத்த ஆன்டிபாடியை நுண்ணிய லேடெக்ஸ் துகள்கள் மேல் பூசியிருப்பார்கள். பிளட் அகார் என்ற ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில் வந்த காலனியை, அதாவது கிருமித் திட்டை, அட்டையில் அந்த லேடெக்ஸ் ஒரு சொட்டோடு கலந்து மெல்ல ஆட்டினால், கிருமியின் உறையிலுள்ள சர்க்கரையை ஆன்டிபாடி பிடித்துக்கொள்ள, பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாகத் தெரியும். சில நிமிடத்தில் பதில். நியூமோகாக்கஸை வளரவிடாத மருந்து தடவிய ஆப்டோசின் டிஸ்க் என்றால் கேண்டில் ஜாரில் (மெழுகுவர்த்தி ஏற்றி மூடிய ஜாடி) வைத்து மறுநாள்தான் கிருமி வளராத வட்டத்தை அளக்க முடியும், மூச்சுத்திணறலோடு படுத்திருக்கிறவருக்கு அந்த ஒரு ராத்திரி சின்ன விஷயமா?

சரி, குளிர். கிட்டை 2 முதல் 8 டிகிரியில் வைத்து, போடும்போது அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரச் சொல்கிறது கிட்டோடு வரும் தாள். அவர்கள் சொல்லும் அறை 20 டிகிரிக்கு மேல். ஜனவரிக் காலையில் இங்கே எந்த அறை அப்படி இருக்கும்? சொட்டு சில்லென்று இருந்தால் கட்டுவது தாமதமாகும், லேசான பாசிட்டிவை நெகட்டிவ் என்று எழுதிவிடுவோம். அதனால் ரூம் ஹீட்டர் போட்டு, மேசையில் தெர்மாமீட்டர் வைத்து, 20 தாண்டிய பிறகுதான் தொடுகிறோம். ஃப்ரிட்ஜிலும் ஃப்ரீசர் ஓரமாக வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்தால் துகள்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும், ஒப்பிட்டுப் பார்க்கத் தரும், கட்டவே கூடாத கன்ட்ரோல் லேடெக்ஸும் சேர்ந்து கட்டும், அந்தக் குப்பியைத் தூக்கிப்போட வேண்டியதுதான். எவ்வளவு அவசரமானாலும் கன்ட்ரோல் போடாமல் ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் மாதிரி வாயில் சாதாரணமாக இருக்கும் சில கிருமிகளோடும் கட்டுவது உண்டு, எனவே சந்தேகம் வந்தால் பித்த உப்பில் கிருமி கரைகிறதா என்று பார்க்கும் பைல் சால்யுபிலிட்டியும் பார்த்துவிடுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பிறகு அனுப்பும் சளியில் பல நேரம் கிருமியே வளராது, காலனி இல்லாமல் இந்த கிட்டால் பயனில்லை. அங்கே பெரியவர்களுக்கு, சிறுநீரில் இந்தக் கிருமியின் தடயத்தைத் தேடிக் கோடு காட்டும் யூரின் ஆன்டிஜன் கார்டு கைகொடுக்கும். குழந்தைகளுக்கு அதை நம்பாதீர்கள், நோயே இல்லாத பிள்ளைகளின் மூக்கிலும் நியூமோகாக்கஸ் குடியிருக்கும், கார்டு அதற்கும் கோடு காட்டிவிடலாம்.

எனக்குக் கோபம் சப்ளையர் மேல்தான். மழையில் மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டு, ஐஸ் பேக் முழுக்க உருகி வந்த பார்சலைப் பற்றிக் கேட்டால் "ஒன்றும் ஆகாது மேடம்" என்கிறார்கள். ஆகுமா ஆகாதா என்று நோயாளியை வைத்தா சோதிப்பது? வெப்பநிலை காட்டும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள், நிறம் மாறியிருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பிவிடுங்கள். அப்புறம், சின்ன பேக் கிடைத்தால் அதையே வாங்குங்கள், நம் மாதிரி லேபில் பெரிய பேக் பாதி தீர்வதற்குள் எக்ஸ்பைரி வந்துவிடுகிறது.