ஹான்காக்கும் ஹட்சின்சனும்: ஒரே பாஸ்டன், இரண்டு கணக்கு

அமெரிக்கா பிரிட்டனின் காலனியாக இருந்த காலம். இருவருமே அங்கே பாஸ்டன் நகரின் பெரும் செல்வந்தர்கள். ஆனால் பிரிட்டனுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது ஒருவர் மன்னர் பக்கம், மற்றவர் கிளர்ச்சிக்காரர் பக்கம். ஏன்? ஆவணங்கள், செய்தித்தாள்கள் மீது பிரிட்டன் விதித்த முத்திரை வரி தாமஸ் ஹட்சின்சனுக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை. ஆனாலும் சட்டத்தை மீறக்கூடாது என்றார். 1765இல் கும்பல் அவர் வீட்டைச் சூறையாடிய பிறகும் மன்னர் பக்கமே நின்றார்.

ஜான் ஹான்காக் சித்தப்பாவின் கப்பல் வணிகத்துக்கு வாரிசு. 1768இல் அவருடைய ‘லிபர்ட்டி’ கப்பலை, வரி ஏய்ப்புப் புகாரில், பிரிட்டிஷ் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். வரி என்னவோ சொற்பம்தான்: தேயிலைக்கு ராத்தலுக்கு (சுமார் அரைக் கிலோ) 3 பென்ஸ். ஆனால் பயம் வேறொன்று. தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இன்று 3 பென்ஸ் கேட்டால், நாளை எதைத்தான் கேட்காது? சொத்துள்ளவனுக்குத்தானே அந்தக் கவலை அதிகம்! கள்ளக்கடத்தல் லாபமும் ஓரளவு கலந்திருக்கும், அதை மறைப்பானேன்.

1775இல் பிரிட்டிஷ் தளபதி கேஜ் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். ஹான்காக், இன்னொரு கிளர்ச்சித் தலைவரான சாமுவேல் ஆடம்ஸ் இருவருக்கு மட்டும் கிடையாது. அதன்பின் ஹான்காக் பின்வாங்க ஏது வழி? மன்னரின் விசுவாசி ஹட்சின்சனோ சொத்தும் பறிபோய், 1780இல் இங்கிலாந்தில் இறந்தார்.